கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு குடித்தனம்

கணக்கெழுதிப் பிழைக்கிறவனிடம் அவன் சொந்த வாழ்க்கைக் கணக்கை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. ஊரார் காசென்றால் பைசா பிசகாது. தன் காசென்றால் முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதாகக் கூட்டிக்கொண்டு வருவான். நான் அப்படித்தான் கூட்டினேன்.

எனக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. (ஸ்டோர் என்றதும் கடை என்று நினைக்க வேண்டாம். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் பச்சைக்காயை டிரையரில் வைத்து, கூலிக்கு உலர்த்திக் கொடுக்கிற இடம்.) வீடு கம்பத்தில். விடிந்ததும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கு ஏறுவேன். சாயங்காலம் அதே ஜீப்பில் தமிழ்நாட்டுக்கு இறங்குவேன். என் முழங்கால் ஒருவர் மடியிலும், சாப்பாட்டுத் தூக்கு இன்னொருவர் மடியிலும் இருக்கும்.

கேரளத்துக்கே குடிபோய்விடலாம் என்று நான் நினைத்ததற்கு வெளியே சொன்ன காரணம் ஜீப் கூலி. சொல்லாத காரணம் மாமனார். அடுத்த தெரு. ரொம்ப நல்ல மனிதர், அதுதான் பிரச்சினையே. நான் தேங்காய் வாங்கி வந்தால் தட்டிப் பார்த்து, “முத்தல் மாப்ள” என்பார். மறுநாள் அவரே இரண்டு தேங்காய் கொண்டுவந்து வைப்பார். என் வீட்டில் எனக்கு ஒரு தேங்காய் வாங்கக்கூட வாய்ப்பில்லை. ஒரு குடும்பத்தை நானே தனியாக நடத்திக் காட்ட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது.

என் மனைவி செல்வியிடம் பேச்சை எடுத்தேன்.

“ஜீப் கூலி மிச்சம். வாடகையும் அங்கன கம்மி.”

“நான் தைக்கிற பிளவுஸெல்லாம் இந்தத் தெருக்காரவுக குடுக்கிறது. அங்கன எனக்கு யாரு குடுப்பா?”

“ரெண்டு மாசத்துல பழகிரும்.”

“ரேஷன் கார்டு இங்கன. கேஸ் இங்கன. அரிசி வாங்கக்கூட இறங்கித்தான் வரணும். புள்ள வேற மலையாளம் படிக்கணும்.”

“கூட ஒரு பாஷ தெரிஞ்சா நல்லதுதான.”

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். பிறகு சொன்னாள்: “ஒரு மழைக்காலம் இருந்து பாக்குறேன். ஒத்துவரலன்னா புள்ளையக் கூட்டிக்கிட்டு அப்பா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க அங்கனயே இருந்து கணக்கெழுதுங்க.”

மாமனார் தடுக்கவில்லை. “மழைக்குத் துணி காயாது மாப்ள” என்று மட்டும் சொன்னார். அவருக்கும் ஸ்டோர் பக்கத்தில் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு, தெரிந்துதான் சொன்னார். நான் சிரித்தேன். பால் காய்ச்சுகிற அன்று மகளுக்கு ரத்தச் சிவப்பில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மழையை நான் வருஷக்கணக்காகப் பார்த்தவன்தான். ஆனால் பார்த்துவிட்டுச் சாயங்காலமானால் கம்பத்துக்கு ஓடிவந்தவன். அதோடு குடியிருந்து பார்த்ததில்லை. ஆனி பிறந்ததும் பிடித்தது, விடவே இல்லை. இட்லி மாவு பொங்க மறுத்தது. தலையணை நனைந்தது. (ஒழுகவில்லை, சும்மாவே நனைந்தது.) துணி காயவே இல்லை. கொடியில் கிடந்த என் பனியனில் பச்சையாக ஏதோ முளைத்தது.

வேறு வழியில்லாமல் ஈரத்துணியை மூட்டை கட்டி, ஜீப்பில் கம்பத்துக்கு அனுப்பிக் காயப்போட்டு வாங்கினோம். நான் மிச்சம் பிடித்த ஜீப் கூலியில் இப்போது என் வேட்டி போய்வந்தது. ஒரு தடவை யாருடைய லுங்கியோ எங்கள் மூட்டையில் வந்து சேர, டிரைவர், “இனிமே துணி ஏத்தமாட்டேண்ணே” என்று கைகழுவிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, மகளின் யூனிபார்மை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஆவி பிடித்துக்கொண்டிருந்த செல்வி, பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “திங்கக்கிழமை புள்ளைக்குக் காஞ்ச துணி இல்லன்னா நாங்க கிளம்புறோம்” என்றாள். சண்டையாகச் சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஸ்டோரில் புதுக்காய் ஏற்றி, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு முதலாளியும் ஆட்களும் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். சாவி என்னிடம். உள்ளே மலையிலேயே உலர்ந்த ஒரே அறை. எனக்குப் புத்தி வேலை செய்தது. (இப்போதும் அதை வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.) செல்விக்குத் தெரியாமல் வீட்டிலிருந்த ஈரத்துணி அத்தனையும் ஒரே மூட்டையாகக் கொண்டுவந்தேன். காய்த் தட்டுகளுக்கு மேலே கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். சுங்குடிச் சேலை அகலம், அதனால் நடுவில். கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகக் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடப் போனேன்.

புதுச் சுங்குடி சாயம் விடும், ஈரத்தோடு மற்றத் துணியில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது ஸ்டோர் வாசலில் முதலாளி நின்றார். பக்கத்தில் மாமனார். அவர் ஏன் இங்கே என்று யோசிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. யார் காய் என்று நான் கேட்டிருக்கவில்லை. டிரையரில் இருந்தது அவர் தோட்டத்துக் காய். அந்தத் தடவை பறித்தது மொத்தமும்.

கதவைத் திறந்தார்கள். மேலே எங்கள் குடும்பத்தின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. மகளின் வெள்ளை யூனிபார்ம் ரோஸ் நிறத்தில் இருந்தது. கீழே தட்டுத் தட்டாக ஏலக்காய், அம்மை போட்ட மாதிரி சிவப்புச் சிவப்பாக.

“எந்தா முருகேசா இது?” என்றார் முதலாளி. “சாயம் முக்குன காய்னு பேரு வந்தா இந்த ஸ்டோர்ல நல்ல காயக்கூட ஒருத்தனும் எடுக்கமாட்டான். நீ இனி வரண்டா.” (வர வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு எனக்கு மலையாளம் படித்திருக்கத் தேவையில்லை.)

வேலையும் போய், வீடும் போய், செல்வியும் போகப்போகிறாள். நின்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

மாமனார் ஒரு காயை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். “காய் என்னோடது, குழி வெட்டிப் பொதச்சிருவோம்” என்று முதலாளியிடம் சொன்னார். “மாப்ளைய வேலைய விட்டு நிப்பாட்டாதீக. எம் மக சாப்பிடணும்ல.” பிறகு என் பக்கம் திரும்பி, “நாளைக்கு ஜீப்ப அனுப்புறேன் மாப்ள, சாமானை ஏத்துங்க” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் தலைநிமிர்ந்து நடப்பேன்.

கம்பத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டதால், நேரே மாமனார் வீட்டு மாடியில் இறங்கினோம். அடுத்த தெருவில் இருந்தவரைத் தாங்க முடியாமல் மாநிலம் தாண்டிப் போனவன், அவர் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தேன். இன்னும் மாடியில்தான் இருக்கிறோம். வேலைக்கு அதே ஜீப்தான்.

சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு விசேஷம் பாயசத்தில் ஏலக்காயைத் தேடி எடுத்து என்னிடம் காட்டுவார்கள். மாமனார் மட்டும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. போன தீபாவளிக்கு மகளுக்குச் சேலை எடுக்க என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் என்ன நிறம் காட்ட என்று கேட்டதும், என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

“ஏலக்காய்ப் பச்சையில காட்டுங்க. காயப்போடுறது எங்க மாப்ள.”