மருமகளுக்கு முதல் கும்பிடு

திருவண்ணாமலை,
3.9.1984

ஜப்பான் தேசத்துக் கோபே பட்டணத்தில் வேலை பார்க்கும் அன்பு மகன் ராஜேந்திரனுக்கு, அப்பா சகாதேவன் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் பசுவும் சுகம். நீயும் மருமகள் யோஷிகோவும் சுகமாயிருக்க அண்ணாமலையார் துணை.

தீபத்துக்கு மருமகளை முதன்முதலாக அழைத்து வருவதாக எழுதியிருந்தாய். இப்போதைக்கு வர வேண்டாம். காரணத்தைக் கேள். அவளை அவள் பாஷையிலேயே வரவேற்க ஆசைப்பட்டு, செங்கம் ரோட்டில் அறை எடுத்திருக்கும் ஓகாவா என்கிற ஜப்பான்காரரிடம் போனேன். அரைகுறைத் தமிழ் பேசுவார். புதிதாகப் பார்ப்பவரிடம் 'ஹாஜிமெமாஷிதே' சொல்லிக் குனிய வேண்டும் என்றார். வாசலிலேயே சொல்லிக் குனிந்தேன். அவரும் குனிந்தார். கும்பிட்டவருக்குப் பதில் கும்பிடு போடாவிட்டால் மரியாதை இல்லையே என்று நான் மறுபடி குனிய, பெரியவர் குனிகிறாரே என்று அவர் இன்னும் தாழக் குனிய, கடைசியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு அவர் காலடியிலேயே கவிழ்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்தா கீரைக்காரி பாஞ்சாலை வரவேண்டும்! "இன்னா பெரியவரே, சின்னப் பையன் கால்ல வுழுந்து கெடக்கறீங்க? பெரிய சாமியாருங்களா அவரு?" என்று கத்தினாள். தெருவே திரண்டு வந்து அவரிடம் திருநீறு கேட்டது. அவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து கும்பிட்டார். அதைப் பார்த்துக் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது.

மறுநாள் போய்த் திரும்பவும் ஹாஜிமெமாஷிதே சொன்னேன். அதை ஒருவரிடம் ஒரே தடவைதான் சொல்வார்களாம், எங்களுக்குள் நேற்றே முடிந்துவிட்டதாம். சொல்லிப் பழக இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வேறு ஜப்பான்காரர் இல்லை. பசுவிடம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. உன் அம்மா படத்தின் முன்னால் சொன்னேன். அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் புதிதாகப் பார்ப்பது போலப் பேசியதில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் தனியாகக் கஷ்டப்படுகிறேன் என்று நினைக்காதே. பேச்சுத் துணைக்கு ரேடியோ இருக்கிறது. ஒழுங்காகக் குனியப் பழகிக்கொள்கிறேன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மலை போல நிலைத்து நீங்கள் இருவரும் வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நான் ஏதாவது ஏடாகூடமாகச் செய்து, அவளுக்குப் பிடிக்காமல் போய், வந்த வேகத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்களோ என்ற பயத்தில் எழுதிவிட்டேன். தீபத்துக்கே வந்துவிடுங்கள். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டு வாசலில் நின்று, "உள்ள வாம்மா" என்று நான் யாரையும் கூப்பிட்டதே இல்லை.