சைரன் அண்ணனும் மைதா இல்லாத கேக்கும்

கோதுமையோடு சொந்தப் பகை வைத்திருந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கோலார் தங்கவயலில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில், எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். வெல்டர். வாயைத் திறந்தால் ஷிஃப்ட் சங்கே தோற்றுப்போகும் என்பதால் ஊருக்கே அவர் சைரன். எனக்கு சைரன் அண்ணன்.

பகைக்கு நியாயமான காரணம் இருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா பல வருஷமாக வயிற்றால் அவதிப்பட்டார். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது, ஆள் துரும்பாகிவிட்டார். பூச்சி என்றார்கள், அல்சர் என்றார்கள். கிறிஸ்தவர் வீடு என்றும் பார்க்காமல் ஒருவர் வந்து வாசலில் பூசணிக்காய்கூட உடைத்துவிட்டுப் போனார். கடைசியில், தொண்ணூறுகளின் நடுவில், வேலூரில் ஒரு டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது அக்காவின் குடலுக்கு ஆகாது. கோதுமை, மைதா, ரவை எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது.

மறுநாள் கேன்டீனில் அண்ணன் மேசையைக் குத்தினார்.

"இத்தினி வருஷமா என் பொண்டாட்டிய சித்ரவதை பண்ணவன் யாருன்னு தெரிஞ்சிபோச்சுப்பா! குளூட்டன்!"

"யாருண்ணே அது, புது ஃபோர்மனா?" என்றார் எதிரே இருந்தவர்.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று, ஊருக்கு யார் புரியவைப்பது? "ஒரு துண்டு சாப்பிட்டா இன்னா ஆயிடும்?" இந்தக் கேள்வியைக் கேட்காதவர் எங்கள் காலனியில் கிடையாது. இன்றைக்கும் யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். அந்த வீட்டு அம்மாள், "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க, நீ சொம்மா துன்னு" என்று கேக்கை அக்கா வாயிலேயே திணித்துவிட்டார். எத்தனை அன்பு! அக்கா ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். அன்றைக்கே அண்ணன் அந்த வீட்டு வாசலில் போய் நின்று போட்ட சத்தத்தில், பந்தல்காரர்கள் பாதிப் பந்தலைத் தாங்களாகவே பிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணமேடைக்குப் போகமாட்டார், நேராக சமையல்கட்டுக்குத்தான்.

"சாம்பார்ல இன்னா போட்டிருக்கே?" என்று ஒரு கல்யாணத்தில் கேட்டார்.

"பருப்பு, புளி, பெருங்காயம்..." என்றார் சமையல்காரர்.

"பெருங்காயத்துல இன்னா இருக்கு?"

"பெருங்காயத்துல பெருங்காயம்தான் சார் இருக்கும்!"

அண்ணன் டப்பாவைப் பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கோதுமை மாவு! போட்டிருக்கான் பாரு, கோதுமை மாவு!" மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்து எங்கள் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கோதுமை மாவு. பெருங்காய டப்பாவுக்குள் கோதுமைக்கு என்ன வேலை என்று இதுவரை எனக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"சோறு இருக்குது, களி இருக்குது, அப்புறம் என்ன குறை?" என்று கேட்டார்கள். கேட்கமாட்டார்களா? அவர்கள் வீட்டில் பன்னும் பிஸ்கட்டும் இருந்ததே! ஸ்டெல்லா அக்கா எதையும் கேட்கிறவர் இல்லை. ஒரு டிசம்பரில் மட்டும், தெருவில் கேக் தட்டுகள் வீடு மாறிப் போவதைப் பார்த்துக்கொண்டே, "கேக்கு ஒண்ணுக்குத்தாங்க ஆசையா இருக்குது" என்றார்.

அவ்வளவுதான். அண்ணன் ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டி, வெல்டிங் வைத்து, கேக் சுட ஒரு அடுப்பே செய்துவிட்டார்.

முதலில் அரிசி மாவு கேக். கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது; சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேடு தோற்றது. அடுத்தது கேழ்வரகு. பாலகாட் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த பாறை என்று சொன்னால் நம்பலாம். மரவள்ளி மாவு கேக்கைக் கடித்து இழுத்தார். அது நீண்டது, அறுபடவில்லை. தெருநாய்கூட முகர்ந்துவிட்டு, அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

"மாவைப் புடிச்சி வெக்கறதே அந்தக் குளூட்டன்தாண்டா! விரோதியக் கூப்பிட்டு ஒத்தாச கேக்கச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தார். நான் வாயே திறக்கவில்லை.

வழி கண்டது அக்காதான். மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து வைத்தவர் குடிக்க மறந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத கூழாக நின்றது. "ஏங்க, இது புடிச்சி வெக்காதா?" என்றார்.

அண்ணன் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினார். "இசப்கோல் பெரிய பாக்கெட்டா நாலு குடு!"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நாலா? எஷ்டு தினா ஆச்சு சார், எத்தனை நாளா அடைச்சிருக்கு? பப்பாளி சாப்பிட்டுப் பாருங்க."

"எனக்கு ஒண்ணும் அடைக்கல! கேக்குக்கு!"

கடைவீதி முழுக்கத் திரும்பியது. அப்படியொரு கேக்கை யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று ஊர் நடுங்கியது.

ஆனால் கேக் நின்றது. கேழ்வரகு, அரிசி மாவு, முட்டை, வெல்லம், இசப்கோல். உதிரவில்லை, உடையவில்லை, நடுவில் லேசாக ஒரு பள்ளம், அவ்வளவே. அண்ணன் அதைத் துணியில் மூடி, காலனி கிளப்பின் கிறிஸ்துமஸ் கேக் போட்டிக்கே கொண்டுபோனார். நடுவராக வந்திருந்தவர் பங்காருபேட்டை பேக்கரிக்காரர் ஒருவர்.

"மைதா எத்தனை கப்?" என்றார்.

"மைதா கெடையாது."

"அப்ப இது கேக் இல்ல சார், களி" என்று சொல்லி, வாயில்கூட வைக்காமல் தட்டை ஓரமாகத் தள்ளினார். சபை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவைக்காமல் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் எதற்கு? அந்த வேலைக்கு மேசைக்காலே போதாதா?

அண்ணன் மூச்சை இழுத்தார். நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானோம்.

அதற்குள் ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்தார். தள்ளிவைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி இன்னொன்று வெட்டினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், நிதானமாகச் சாப்பிட்டார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அண்ணன் இழுத்த மூச்சை விட மறந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் கூட்டம். "எங்களுக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே." நானும் கையை நீட்டினேன். அண்ணன் தட்டைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இது அவளுக்கு. உங்களுக்கு ஊரெல்லாம் கேக் இருக்குது, போங்கப்பா!"

எனக்குக் கேக் இல்லை என்று சொன்னவர்களில், நான் கட்டிப்பிடித்துக்கொள்ள நினைத்த ஒரே ஆள் அவர்தான்.