கரடி வீட்டுல பேண்ட்டு எடுத்த கதை

கரடிக்கு ஒடம்பெல்லாம் முடி இருக்கே, அதுக்கு எதுக்குப் பேண்ட்டுன்னு கேட்டா என்னடி அர்த்தம்? ஒனக்குந்தான் தலை நெறைய முடி இருக்கு, ஸ்கூட்டர்ல ஏறுனா ஹெல்மெட் போடச் சொல்றாங்கல்ல? சட்டம்னு வந்துட்டா முடியெல்லாம் கணக்குல வராது. பனிமலை ஏறப்போறேன்னு ரெண்டு வாரமா ஃபோன்ல பேண்ட்டு தேடிக்கிட்டிருக்கிறது நீ. கதை சொல்லுங்க பாட்டின்னு கேட்டதும் நீ. இப்ப பொய்யாம்ல. எழிலி, கேக்குறதுன்னா கேளு, இல்லேன்னா அந்த ஃபோனையே நோண்டிக்கிட்டு இரு.

ஒரு காட்டுல, காடுன்னா நம்ம ஊருக்குப் பின்னாடி இருக்கிற முள்ளுக்காடு இல்ல, தலைமாட்டுல வெள்ளைவெளேர்னு பனிமலை நிக்கிற காடு, அங்க ஒரு கரடி இருந்துச்சு. பேரு உறங்காப்புலி. கரடிக்கு ஏன் புலின்னு பேருன்னு அடுத்துக் கேப்ப. அது அவங்க தாத்தா பேரு. தாத்தாவுக்கு யார் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது, குளிர்காலம் வந்துட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான்.

அந்த வருசம் மட்டும் தூங்க முடியல. அவன் இருந்த குகை ஒழுகும். வெளிய மழை விட்டப்புறமும் உள்ள பெஞ்சுக்கிட்டே இருக்கும். அவன் பொண்டாட்டி செங்கமலம் மாசமா இருக்கா, தையில பிரசவம். போன வருசம் பொறந்த குட்டி அந்த ஈரத்துலயே கெடந்து இருமி இருமி, வெயில் காலத்தைப் பாக்காமலே போயிருச்சு. அத நான் விரிச்சுச் சொல்லப் போறதில்ல. அவளும் யார்ட்டயும் சொல்ல மாட்டா. சொட்டு விழுற எடத்துல எல்லாம் கொட்டாங்குச்சிய வச்சுட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டு நடுவுல உக்காந்திருப்பா.

அப்பதான் மலையடிவாரத்துல மேக்க பாத்த குகை ஒண்ணு காலியாச்சு. நல்ல குகை. சாயங்கால வெயில் உள்ள வந்து விழும், ஒரு சொட்டு ஒழுகாது. அதுல இருந்த கெழட்டுச் சிறுத்தை மக வீட்டோட போயிருச்சு. போன எடத்துல மருமகனோட ஒத்துப்போகாம பின்னாடி மரத்துல குடியேறுச்சுன்னு கேள்வி, அது வேற கதை. குகை காலின்னதும் காடே திரண்டு சிங்கத்துக்கிட்ட போய் நின்னுச்சு. எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு ஒரே கூச்சல். சிங்கம் மத்தியானத் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வந்து, மார்கழி முடியிறதுக்குள்ள மலை உச்சியத் தொட்டுட்டு வர்றவங்களுக்குத்தான் குகைன்னு சொல்லிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கிச்சு.

உறங்காப்புலி அன்னைக்கே கெளம்பிருப்பான். ஆனா மலைக்குப் போற வழியில ஒரு கேட்டு இருக்கு. அதுல ஒரு கருமந்தி உக்காந்திருக்கும், கழுத்துல விசிலு. சாஃப்ட்ஷெல் பேண்ட்டு, நீ தேடுற அதே மலையேறுற பேண்ட்டுதான், அது போடாத யாரையும் குளிர்காலத்துல மேல விட மாட்டேன்னு அது மறிச்சிருச்சு. அந்தச் சட்டம் எப்படி வந்துச்சுன்னா, முன்ன ஒரு தடவை கருமந்தியோட சித்தப்பா வேட்டி கட்டிக்கிட்டு மலை ஏறிருக்கு. பனி பட்டு வேட்டி நனைஞ்சு, ஒறைஞ்சு, கதவுப் பலகை மாதிரி ஆயிருச்சு. பலகை மேல உக்காந்தா சறுக்காம என்ன செய்யும்? உச்சியில இருந்து நேரா பெரியம்மா வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சாம். சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. பெரியம்மா வடகம் காயப்போட்டிருந்தா, அதான் போச்சு. அன்னையில இருந்து சட்டம்.

காட்டுல அந்த மாதிரி பேண்ட்டு விக்கிற கடை ஒண்ணே ஒண்ணு. ஓணான் கடை. ஓணான் நல்ல யாவாரி, ஆனா எதக் கேட்டாலும் தலைய ஆட்டும். பெருசா இருக்கான்னாலும் ஆட்டும், சிறுசா இருக்கான்னாலும் ஆட்டும். அவுகவுக மனசுல இருக்கிறத சொல்லிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் சந்தோசமாப் போவாங்க. ஒரு கொக்கு வந்து, நான் ஒத்தக்கால்லதான் நிப்பேன், எனக்கு ஒரு காலு மட்டும் வெட்டிக் குடுன்னு கேட்டுச்சாம். அதுக்கும் ஆட்டுச்சாம். மிச்சமிருந்த இன்னொரு கால என்ன பண்றதுன்னு தெரியாம இன்னமும் கடையில தொங்கவிட்டிருக்கு. முள்ளம்பன்றி போட்டுப் பாத்த பேண்ட்டு இன்னொண்ணு, அதுல இப்ப மாவு சலிக்கிறாங்க.

மொதல்ல கடைக்குப் போனது கொம்பையாங்கிற வரையாடு. அவனுக்குக் குகையே தேவையில்ல, பாறை மேல நின்னுக்கிட்டே தூங்குற சாதி. ஆனா போட்டின்னு சொன்னா விட மாட்டான். குளிருக்குத் தடிமனா இருந்தாத்தானே நல்லதுன்னு, உள்ள பஞ்சு மாதிரி மெத்துமெத்துன்னு வச்ச, இருக்கிறதுலயே தடியான பேண்ட்டா எடுத்தான். ஓணானும் ஆட்டுச்சு. மாட்டிக்கிட்டு மலைக்கு ஓடியே போயிட்டான்.

உறங்காப்புலி விடிஞ்சதும் தனியா கெளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டான். அவன் மாமியா பூமயில், மக பிரசவத்துக்குன்னு வந்தவ, அங்கனயே நிப்பாட்டிட்டா. துணி எடுக்க ஒத்தையில போறதாவது. நாளைக்கு நாலு பேரு பாத்து, யார் கூட வந்தாங்கன்னு கேட்டா என்ன சொல்றது? அதனால மாமியாளும் வந்தா. அம்மா போறப்ப செங்கமலம் எப்படி வீட்ல இருப்பா, அவளும் வந்தா. அக்காவைத் தனியா விட முடியாதுன்னு மச்சினன் தவசியும் கெளம்புனான். அவன் ஃபோன்ல மலையேறுற வீடியோவாப் பாத்து எல்லாம் தெரிஞ்சவன், ஒரு மேட்டுல கூட ஏறுனதில்ல.

ஓணான் ஆளைப் பாத்ததுமே ஒரு பேண்ட்ட எடுத்து வச்சிருச்சு. சத்தியமாச் சொல்றேன், அதவிட நல்ல பேண்ட்டு அந்தக் கடையில கெடையாது. காத்து உள்ள பூராது, ஆனா வேர்வை வெளிய போயிரும். மேல விழுற பனியத் தட்டிவிட்டா ஒதுங்கிரும். காலத் தூக்கி வச்சா கூடவே இழுபடும், முட்டிக்கிட்ட மடிப்பு விட்டுத் தச்சது. கெண்டைக்கால்ல, பனியில வழுக்காம மாட்டுற செருப்பு ஆணி குத்திக் கிழிக்காம இருக்க கெட்டித்துணி. ரொம்ப சூடாச்சுன்னா தொடைப்பக்கம் ஒரு ஜிப்பு, அத இறக்கிக்கலாம். உறங்காப்புலி போட்டான், குந்தி எந்திரிச்சான், கால நெஞ்சு வரைக்கும் தூக்குனான். அவனுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. இதயே குடுத்துருன்னு சொல்ல வாயத் தொறந்தான்.

ஒண்ணப் பாத்து ஒண்ண எடுக்கிறதான்னு பூமயில் கேட்டா. அவ்வளவுதான், கடையில இருந்த அத்தனையும் எறங்குச்சு. பூமயில் ஒவ்வொண்ணையும் விரல்ல தேச்சுப் பாத்தா. சாயம் போகுமான்னு எச்சியத் தொட்டு வச்சுப் பாத்தா. கடை வெளிச்சத்துல ஒரு கலரு, வெளிய ஒரு கலரு இருக்கும்னு ஒண்ணொண்ணா வாசலுக்குத் தூக்கிட்டுப் போய் வெயில்ல காட்டிப் பாத்தா. மொதல்ல எடுத்து வச்ச பேண்ட்டு கருப்பு. நல்ல காரியத்துக்குப் போறப்ப கருப்பான்னு அதத் தள்ளிட்டா. மாப்பிள்ளையே கருப்புதானேம்மான்னு செங்கமலம் சொல்லிப் பாத்தா, எடுபடல. இதே துணியில அரக்குக் கலர்ல பார்டர் வச்சு இருக்கான்னு கேட்டா. ஓணான் ஆட்டுச்சு. ஆட்டுச்சேன்னு அதுக்காக ஒரு பகல் பூரா காத்திருந்தாங்க. அப்படி ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது.

தவசி ஒரு பக்கம், ஜிப்பு வலது பக்கம் இருக்கணும், இடுப்புப் பட்டி அகலமா இருக்கணும், தோள்ல மாட்டுற வாரு இருக்கணும்னு வீடியோவ நிறுத்தி நிறுத்திக் காட்டுனான். மறுநாளும் போனாங்க. அதுக்கு மறுநாள் புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போனாங்க. ஒரு நாள் அஷ்டமின்னு போகல. மார்கழி அதுபாட்டுக்கு ஓடுது.

உறங்காப்புலி ராத்திரி பூரா கொட்டாங்குச்சியில தண்ணி சொட்டுறதக் கேட்டுக்கிட்டே கெடந்தவன், ஒரு நாள் காலையில மாமியா முன்னாடி வந்து கைகட்டி நின்னான்.

"அத்தை, மார்கழி போய்க்கிட்டு இருக்கு."

"மார்கழி அடுத்த வருசமும் வரும் மாப்பிள்ளை. துணி நல்லா அமையிறதுதான் கஷ்டம்."

கேட்டியாடி? ஒங்க தாத்தா கூட எனக்குக் கூறைச்சேலை எடுக்கறப்ப இப்படித்தான்... சரி, அது இப்ப எதுக்கு.

அன்னைக்கு மத்தியானம் ஒரு காக்கா வந்து சேதி சொல்லுச்சு. கொம்பையா உச்சிக்குக் கொஞ்சம் கீழ நிக்கிறான். தடிப்பேண்ட்டப் போட்டுக்கிட்டு ஓடுனானா, உள்ள வேர்த்துக் கொட்டிருச்சு. மூச்சு வாங்கலாம்னு நின்னானா, வேர்வையெல்லாம் ஒறைஞ்சு பேண்ட்டு அப்பளமாயிருச்சு. முட்டிய மடக்க முடியல. நின்னது நின்னபடியே நிக்கிறான். பறவையெல்லாம் கைகாட்டி மரம்னு நெனச்சு, அவன் கொம்பு காட்டுற திசையில திரும்பிப் போகுதுங்களாம்.

இதக் கேட்டதும் உறங்காப்புலிக்கு உசிரு வந்துச்சு. போட்டிக்கு ஆளே இல்ல, இன்னும் ரெண்டு நாள் பாக்கி. அந்தக் கருப்புப் பேண்ட்டே போதும்னு கடைக்கு ஓடுனான். குடும்பமும் பின்னாடியே ஓடுச்சு. கருப்ப கையில புடிச்சுட்டான். அப்ப பூமயில் அத வாங்கி, அவன் இடுப்புல வச்சுப் பாத்து, துவைச்சா சுருங்குமேன்னு சொன்னா. ஒரு சைசு பெருசா குடுன்னா. வளர்ற ஒடம்பாச்சேன்னு இன்னொரு சைசு. பொங்கலுக்கு நானும் போட்டுக்குவேன்ல, எனக்கும் சேர்ற மாதிரி பாருங்கன்னு தவசி சொன்னான், அதுக்கு ஒரு சைசு. தொளதொளன்னு இருக்கே அத்தைன்னு உறங்காப்புலி அழுற மாதிரி கேட்டான்.

"பெருசா இருந்தா மடிச்சுத் தச்சுக்கலாம் மாப்பிள்ளை. சிறுசா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

ஓணான் ஆட்டுச்சு. ஆட்டிக்கிட்டே உள்ள போய், யானைக்குன்னு தச்ச பேண்ட்ட இழுத்துட்டு வந்துச்சு. யானை ஆசையாச் சொல்லி வச்சுத் தச்சது. பேண்ட்டு சேந்துச்சு, கேட்டுக்குள்ளதான் யானை நுழையல, அப்படியே விட்டுட்டுப் போயிருச்சு. கலரு அரக்கு. பூமயில் மொகத்துல அப்பதான் சிரிப்பு வந்துச்சு. வாங்கி, ஓரத்துல மஞ்சத் தடவி, சாமி கும்பிட்டுக் குடுத்தா. மடிச்சுத் தைக்கலாம்னு டெய்லர் தூக்கணாங்குருவியத் தேடிப் போனா, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருச்சு.

மார்கழி கடைசி நாளு. சாயங்காலம். உறங்காப்புலி யானைப் பேண்ட்டுக்குள்ள எறங்கி, பட்டிய ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்ட வந்தான். கருமந்தி துணிய நிமிண்டிப் பாத்துச்சு. சாஃப்ட்ஷெல்லுதான். சட்டப்படி ஒரு குத்தமும் இல்ல, விசில ஊதி விட்டுருச்சு. ஒரு எட்டு வச்சான். ரெண்டாவது எட்டுல கை நழுவி, வலது காலுக்குள்ள விழுந்தான். எந்திரிச்சு வழி தேடுனான், இடது காலுக்குள்ள போயிட்டான். வெளிய பாத்தவங்களுக்கு பேண்ட்டு தானா பொரள்ற மாதிரி இருந்துச்சு.

அந்நேரம் பாத்துப் பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. காத்துன்னா காத்து, மரத்த ஒடிக்கிற காத்து. என்னங்க எங்க இருக்கீங்கன்னு செங்கமலம் வயித்தத் தூக்கிக்கிட்டு உள்ள போனா. புதுத்துணிய மண்ணுல பொரட்டுறீங்களேன்னு திட்டப் போன பூமயிலும் உள்ள போனா. தவசி குளிருதுன்னு போனான்.

வெளிய ஊதுற காத்து உள்ள வரல. மேல விழுந்த பனி சறுக்கி ஓரமாப் போயிருச்சு. நாலு கரடி விடுற மூச்சு, துணி வழியா வெளிய போயிருது, புழுக்கமே இல்ல. செங்கமலம் கையத் தூக்கி மேல தடவிப் பாத்தா. தடவிட்டு கைய மோந்து பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"இங்க ஒழுகலங்க."

அதுக்கு மேல எவன்டி மலை ஏறுவான்? மறுநாள் ரெண்டு மரத்துக்கு நடுவுல கயித்தக் கட்டி, தவசி கேட்டு வாங்குன தோள்வார்ல பேண்ட்ட மாட்டிட்டாங்க. வலது காலு புருசன் பொண்டாட்டிக்கு. இடது காலு மாமியாளுக்கு. பட்டிதான் வாசல். தொடைப்பக்கத்து ஜிப்பு ஜன்னலு, சமைக்கறப்ப தொறந்து விட்டுக்கலாம். பின்பாக்கெட்டு தவசிக்கு. தை பொறந்து கொஞ்ச நாள்லயே குட்டியும் பொறந்துச்சு. கொழுகொழுன்னு பொட்டப்புள்ள, ஒரு தும்மல் கெடையாது. செங்கமலம் கொட்டாங்குச்சிய எல்லாம் தூக்கி ஓடையில எறிஞ்சா.

குகை யாருக்குப் போச்சுன்னுதானே கேக்குற? யாரும் உச்சியத் தொடல, அதனால யாருக்கும் இல்ல. கருமந்தி அதோட சைக்கிளையும் பழைய பெட்டியையும் தற்காலிகமா அதுல போட்டு வச்சிருக்கு. தற்காலிகமாத்தான் இன்னும் இருக்கு. கொம்பையா பங்குனி வெயில்ல எளகி எறங்கி வந்து கேட்டான். மார்கழி முடிஞ்சு போச்சேப்பான்னு சொல்லிட்டாங்க.

கேளு கேளு, பெரிய மழை வந்தா அந்தத் துணி தாங்காதேன்னு ஃபோன்ல போட்டிருக்கா? வாஸ்தவந்தான். பனிக்கு ஆகும், ஊத்துற மழைக்கு நனைஞ்சிரும். அதுக்கு வேற ஒரு தினுசு பேண்ட்டு இருக்கு. அத எடுக்கத்தான் குடும்பத்தோட ஓணான் கடைக்குப் போயிருக்காங்க. இன்னும் வரல.

நீதி: அளவாத் தச்ச பேண்ட்டுக்குள்ள ஒருத்தர்தான் நுழைய முடியும், ஆகையால் மலையேறத் துணி எடுக்கப் போறப்ப மாமியாளைக் கூட்டிட்டுப் போங்க, அளவு தெரிஞ்சவன வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.

எழிலி, ஒங்கப்பா எங்கடி? மாப்பிள்ளை, மாடியில தலகாணி காயுது, கொஞ்சம் உள்ள எடுத்துட்டு வந்துருங்க, தூறுது.