'கட்டுரைகள் தேவை' என்று அச்சான விளம்பரம்

தோர்ண்டன் ஹீத்,
1988 யூன்.

'தேம்ஸ் தூது' மாத இதழின் ஆசிரியர் திரு. யோகலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும், செவன் கிங்ஸ் வீட்டின் பின்னறையில் இருக்கும் தங்கள் தட்டச்சுப் பொறியும் நலமாயிருக்க விம்பிள்டன் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கு நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. இந்த மாதம் அப்படி எழுதக் கை வரவில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

தாங்கள் மறந்திருக்கக்கூடும், ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன். என் மகள் சுபோதினி சட்டம் படித்து இந்தக் கோடையில் பட்டம் முடிக்கிறாள். சொலிசிற்றர் என்கிற வழக்கறிஞர் ஆவதற்கு அது போதாது. பைனல்ஸ் என்று இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அதன் பிறகு ஒரு சொலிசிற்றரிடம் இரண்டு வருடம் பயிற்சி எழுத்தராக வேலை பார்க்க வேண்டும். அந்தப் பயிற்சி இடத்துக்கு இந்த நாட்டில் 'ஆர்ட்டிக்கிள்ஸ்' என்று பெயர். அப்படிப் பெயர் வைத்தவரை நான் ஒருமுறை நேரில் சந்திக்க விரும்புகிறேன். பைனல்ஸ் படிக்க ஒரு கல்லூரி இடம் தந்துவிட்டது. உள்ளூராட்சிக் கவுன்சில் உதவிப் பணம் தர மறுத்துவிட்டது. ஆர்ட்டிக்கிள்ஸ் தருகிற கந்தோர், அதாவது சொலிசிற்றர் அலுவலகம், என்றால் படிப்புச் செலவையும் ஏற்கும். ஆகவே பிள்ளை ஒரு வருடமாக விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதினாள். வந்த பதில் எல்லாம் 'வருந்துகிறோம்' என்றே தொடங்கின. லண்டன் சொலிசிற்றர்களைப் போல இவ்வளவு வருந்துகிற மனிதர்களை நான் என் ஆயுளில் கண்டதில்லை.

தகப்பன் என்று ஒருவன் சும்மா இருக்கலாமா? மகளுக்குச் சொல்லாமல் தங்களுக்குப் போன் செய்தேன். 'சட்டம் படித்த என் மகளுக்கு ஆர்ட்டிக்கிள்ஸ் தேவை, உதவக்கூடியவர்கள் தொடர்பு கொள்ளவும்' என்று சொன்னேன். "ஆங்கிலச் சொல்லு ஏன் பத்மநாதன் அண்ணை? நாங்கள் நல்ல தமிழில போடுறம்" என்றீர்கள். நானும் ஓம் என்றேன். இதழ் வந்தது. 'சட்டம் தொடர்பான கட்டுரைகள் தேவை. செல்வி சுபோதினி பத்மநாதனிடம் நேரிலோ தபாலிலோ சேர்ப்பிக்கலாம். நீளம் தடையல்ல' என்று இருந்தது. ஆர்ட்டிக்கிள்ஸ் என்றால் கட்டுரைகள், நல்ல தமிழ்தான், ஐயா. ஆனால் நீளம் தடையல்ல என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லையே!

உண்மையைச் சொன்னால், நான் அந்த இதழைப் பிரிக்கவே இல்லை. கவுன்சிலில் தபால் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு வீட்டில் தபால் பிரிக்க மனம் வராது. ஆகவே, தடித்த கடித உறைகள் வாசலில் வந்து விழத் தொடங்கியபோது, சொலிசிற்றர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று நம்பினேன். என் மனைவி கலாவதி அவற்றைச் சாமிப் படத்துக்கு முன் வைத்துச் சூடம் காட்டினாள். பிரித்துப் பார்த்தால், ஒன்றில் சீதனச் சட்டம் பற்றி நாற்பது பக்கம். இன்னொன்றில் நீதிதேவதையைக் கண்ணைத் திறக்கச் சொல்லி ஒரு விருத்தம். அதற்குப் பிறகுதான் தங்கள் இதழைத் தேடி எடுத்து வாசித்தேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சுபோதினி வீட்டில் இல்லை. நகரத்தில் ஒரு பெரிய கந்தோரில் அவளுக்கு நேர்முகம். சனிக்கிழமையும் வேலை செய்கிற கந்தோர் என்றால் எவ்வளவு பெரிய கந்தோர் என்று யோசித்துப் பாருங்கள். அவள் போன கையோடு சபாரத்தினம் என்று ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்து இறங்கினார். ஊரில் தமக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் நடந்த வேலி வழக்கை எழுதிக் கொண்டுவந்திருந்தார். வாசித்தால் விளங்காது என்று தாமே வாசித்துக் காட்டினார். எதிராளி வேலிக் கதியாலைப் பிடுங்குகிற இடம் வந்தபோது, விம்பிள்டனிலிருந்து டாக்டர் பாலசுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். மதுரைக்காரர், மிகவும் மரியாதையான மனிதர். "சார், வெண்பா எழுதியிருக்கேன். கட்டுரைன்னு போட்டிருந்தீங்க, பரவாயில்லையா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவர்களை எழும்பிப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? கலாவதி வடை சுட்டாள். ஒருவர் வேலி, மற்றவர் வெண்பா. வடை ஒன்றுதான் இருவருக்கும் பொது.

அந்த நேரம் பார்த்துச் சுபோதினி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேர்முகத்துக்கென்று வாங்கிய சப்பாத்து காலைக் கடித்து, அதைக் கையில் பிடித்திருந்தாள்.

"அப்பா, ஆர் இவையள்?"

"உனக்கு ஆர்ட்டிக்கிள்ஸ் கொண்டுவந்த ஆக்கள், மகள்."

அவள் என் கையிலிருந்த இதழை வாங்கி விளம்பரத்தைப் பார்த்தாள். மாடிப்படியில் இருந்துகொண்டு சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். நானும் ஒரு நிம்மதியோடு கூடச் சிரித்தேன். அவளுடைய சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை, ஐயா. நான் கொஞ்ச நேரம் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

"என்னம்மா நடந்தது?" என்று கலாவதி கேட்டாள்.

"இங்கிலிஷ் நல்லாக் கதைக்கிறாய், எங்க படிச்சனி எண்டு நேர்முகத்தில இருந்தவர் கேட்டார். குரொய்டனில எண்டன். இல்லை, அதுக்கு முதல் எங்க எண்டார். அதுக்கு முதல் தோர்ண்டன் ஹீத்தில எண்டன். பிறகு அவர் ஒண்டும் கேக்கேல்லை, அம்மா. மணிக்கூட்டைப் பார்த்தார்."

டாக்டர் தம் வெண்பாவை ஓசைப்படாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சபாரத்தினம் எழும்பிப் படியடிக்குப் போனார். "பிள்ளை, நான் வழக்கெண்டு அரைவாசி ஆயுள் கோட்டு வாசலில நிண்டவன். உன்னைப் போல ஒரு பிள்ளை எனக்காக உள்ளுக்க நிண்டு கதைச்சிருந்தால்..." என்று தொடங்கினார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலி வழக்கை மட்டும் எடுத்துப் போகவில்லை.

அடுத்த நாள் சுபோதினி எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். மினக்கெட்டு எழுதினவர்களுக்கு ஒரு மன்னிப்பாவது எழுத வேண்டும் என்றாள். நான் செய்த வேலைக்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள்! ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனவள் ஒரு கொப்பித் தாளில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது கட்டுரை இல்லை. இந்த மனிசியை வாடகை வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழுப்பப் பாக்கிறான். வியாழக்கிழமை கோட்டில வழக்கு!"

எழுதியவர் மேரிறோஸ் என்ற பெண். ஸ்ரெதமில் ஓர் அறையில் தாயோடு வாடகைக்கு இருப்பவர். போன் செய்து கேட்டபோது, "சட்டம் எண்டு போட்டிருந்தது. ஆரும் படிச்ச ஆள் வாசிப்பினம் எண்டு அனுப்பினன், தங்கச்சி" என்றாராம். சுபோதினி அவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பகுதியில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கிற சிறிய சொலிசிற்றர் கந்தோருக்குப் போனாள். எனக்கு அன்று லீவு, நானும் போனேன். மிசிஸ் பெல்லாமி என்று ஓர் அம்மா, கதிரையிலும் கோப்பு, நிலத்திலும் கோப்பு. என் பிள்ளை மேரிறோஸ் சொல்வதை ஆங்கிலத்திலும், அந்த அம்மா சொல்வதைத் தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தவள், வீட்டுக்காரன் கொடுத்த அறிவித்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் சட்டப்படி இருக்க வேண்டிய விபரம் இல்லை, ஆகவே அது செல்லாது என்று மெதுவாகச் சொன்னாள். மிசிஸ் பெல்லாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார். வியாழக்கிழமை நீதிபதியும் அதையேதான் சொன்னார். மேரிறோஸ் கோட்டு வாசலில் என் மகளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பஸ் ஒன்று போய், அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

அப்போது மிசிஸ் பெல்லாமி கேட்டார்: "உனக்கு ஆர்ட்டிக்கிள்ஸ் இருக்கிறதா?"

"வீடு நிறைய இருக்கு. எனக்கு வேண்டினது மட்டும் இல்லை" என்று சொல்லி, நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, தமது கந்தோரில் இதுவரை பயிற்சிக்கு ஒருவரையும் எடுத்ததில்லை என்றும், தொழில் பங்காளியிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். கல்லூரிக்கு நாளைக்கு முடிவு சொல்ல வேண்டும். சுபோதினி ஒரு பாங்கில் எழுத்தர் வேலைக்குக் கேட்டிருக்கிறாள். சட்டப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிறாள். என்னோடு கோபம் இல்லை என்கிறாள். கோபித்தாலாவது நான் நாலு சமாதானம் சொல்வேன். தேத்தண்ணி கொண்டுபோய் அறை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், திருத்தமும் மன்னிப்பும் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். என் சந்தாவை நிறுத்திவிடுங்கள். கட்டுரைகளைத் தாங்களே வந்து ஏற்றிக்கொண்டு போங்கள். கார் போதாது, வான் கொண்டு வாருங்கள். இதற்கு மேல் தங்களிடம் எனக்குப் பேச்சில்லை.

தங்கள் குடும்பத்துக்கு எல்லாம் வல்லவன் நோய் நொடியில்லா வாழ்வு தரட்டும். துணைவியாரை நானும் கலாவதியும் விசாரித்ததாகச் சொல்லவும். அவர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இங்ஙனம்,
மனம் நொந்த
க. பத்மநாதன்

பி.கு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். முத்திரை தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கலாவதி எடுத்தாள். "ஆரோ வெள்ளைக்கார மனிசி, மூச்சு விடாமல் கதைக்கிறா" என்று சுபோதினியிடம் கொடுத்தாள். பிள்ளை நின்றபடி யெஸ், யெஸ் என்றாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மிசிஸ் பெல்லாமிதான். ஆர்ட்டிக்கிள்ஸ் தருகிறாராம்! பைனல்ஸ் கட்டணத்தையும் கந்தோர் ஏற்கிறதாம். பங்காளி விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போயிருந்ததுதான் தாமதமாம். ஐயா, முன்பக்கத்தில் திருத்தம் வேண்டாம். உள்பக்கத்திலும் வேண்டாம். சந்தாவை மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கிறேன். வான் வேண்டாம்; சுபோதினி சபாரத்தினத்தின் வேலி வழக்கில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று திரும்ப வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு சாப்பிட வர வேண்டும். ஆர்ட்டிக்கிள்ஸ் ஒப்பந்தப் பத்திரத்துக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்கிறாள் மகள். அதில் சாட்சியின் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறதாம். கவுன்சில் உத்தியோகத்தர் என்று எழுதுவதா, தபால் பிரிவு என்று எழுதுவதா என்று நான் யோசிக்க, குசினி அடுப்படியில் இருந்து கலாவதி, "அப்பா எண்டு எழுதுங்கோ, அது போதும்" என்றாள். தொழிலையல்லவா கேட்கிறார்கள் என்றேன். "ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றாள்.