துரை சத்தமா வாசிச்ச கொமென்ட்

அன்னைக்கு எனக்கு இருந்த வேல ஒன்னே ஒன்னு. நான் எழுதுன புரோகிராமுக்கு ஒரு மெனுவல் எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான்.

‘எழுதணும்’. அந்த ஒரு சொல்லுதான் எனக்குப் புடிக்கல.

ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருஷம் ஆயிருந்த காலம். ஹட்டன்ல ஒரு பேக்கரிக்கு மாடியில இருந்துச்சு எங்க ஒஃபிஸ். ஒஃபிஸ்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. ரெண்டு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், மொதலாளி ஒருத்தரு, நான் ஒருத்தி.

மொதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். முந்தி கணக்கு வாத்தியாரா இருந்தவரு. அதனால சார்னுதான் கூப்புடுவேன். கார்டுல அவரு பேருக்குக் கீழ ‘பணிப்பாளர்’னு டிரெக்டர் பதவி போட்டிருந்தாரு. என் பேருக்குக் கீழ ‘சிரேஷ்ட பொறியியலாளர்’, அதாவது சீனியர் எஞ்சினியர். எனக்குக் கீழ ஒரு பூனைகூட கெடையாது, நான் சிரேஷ்டம்!

வட்டவளைப் பக்கம் தோட்டத்து லய வீடு ஒன்னுல இருந்து கொம்பியூட்டர் படிக்க வந்தவ நான். எங்கம்மா மலையில தேயிலக் கொழுந்து எடுக்குற பொம்பளைங்ககிட்ட எல்லாம், “எம்மக கொம்பியூட்டருக்கே எழுதிக் குடுக்குறா”ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. நானும் மறுத்துப் பேசல. அம்புட்டுத் தலக்கனம்.

புரோகிராம் என்னான்னா, தலவாக்கலைக்கு அங்குட்டு ஒரு தோட்டத்துல கொழுந்து நிறுத்து எழுதுற வேலைய கொம்பியூட்டருக்கு மாத்துறாரு, அங்க மெனேஜரா இருந்த துரை. அத நான் ரூபிங்குற மொழியில எழுதுனேன். ஏன் ரூபின்னு கேக்காதீங்க. அது புதுசு. சாருக்கு வெளங்காது. வெளங்காததப் பத்தி அவரு கேள்வி கேக்க மாட்டாரு. வேற ஒரு காரணமும் இல்ல.

சார் காலையிலயே வந்து என் மேசைக்கு முன்னால நின்னாரு.

“பிள்ளை, மெனுவல் இல்லாமல் துரை ஏற்றுக்கொள்ள மாட்டாராம். பிறகு பழையபடி தராசும் பென்சிலும்தான். மற்றத் தோட்டக்காரரும் எங்களைத் திரும்பிப் பாக்க மாட்டினம். கடையைப் பூட்டவேண்டியதுதான்! எப்ப முடியும்?”

“நாளைக்கே குடுத்துறலாம் சார்.”

“நாளைக்கோ? நீர் இன்னும் தொடங்கவே இல்லையே!”

“நான் எதுக்கு சார் எழுதணும்? கொம்பியூட்டரே எழுதும்.”

பொய் இல்லீங்க. புரோகிராம் எழுதும்போது ஒரு வரிக்கு முன்னால # அடையாளம் போட்டா, மெஷின் அந்த வரிய கண்டுக்காது. அது மனுஷங்களுக்கு எழுதுற குறிப்பு. அதுக்குப் பேரு கொமென்ட். ரூபியில ‘ஆர்டொக்’னு ஒரு கருவி இருக்கு. அது புரோகிராம் முழுக்க மேஞ்சு, ஒவ்வொரு பகுதிக்கும் தலமாட்டுல இருக்குற கொமென்டெல்லாம் பொறுக்கி எடுத்து, தலைப்பு போட்டு, அட்டவணை போட்டு, அழகான பக்கமா அடுக்கிக் குடுத்துரும்.

“அப்ப இதிலை மனுசக் கையே படாது?” சார் கண்ணு விரிஞ்சிருச்சு.

“படவே படாது சார்.”

“அருமை! அதைத் துரைக்குச் சொல்லுவம்.”

கருவிய ஓட விட்டேன். ஒரு டீ குடிச்சு முடிக்கல, பக்கம் பக்கமா வந்து விழுந்துச்சு. மொத பக்கத்தப் பாத்தேன். அட்டகாசம்! ரெண்டாவது பக்கத்த எதுக்குப் பாக்கணும்? எழுதுனவ நானு. என்ன எழுதுனேன்னு எனக்குத் தெரியாதா?

தெரியல.

மறுநாள் தலவாக்கலை பஸ்ஸுல போறோம். சுருள் கம்பி போட்டு பைண்ட் பண்ணுன புத்தகத்த சார் மடியில வச்சு, சாமி படம் மாதிரி புடிச்சிருக்காரு. ஒரு வளைவுல பஸ் ஆடுச்சு. புத்தகம் நடுவுல தொறந்துச்சு. நான் சும்மா எட்டிப் பாத்தேன்.

முன் சீட்டுக் கம்பிய எட்டிப் புடிச்சேன். வளைவுனால இல்ல.

அந்தத் தோட்டத்துத் துரை நாளுக்கொரு சட்டம் போடுவாரு. நான் நாளுக்கொரு தடவ புரோகிராம மாத்துவேன். மாத்துறப்ப எல்லாம் வாயால திட்டுனா சார் கேட்டுருவாருன்னு, கொமென்ட்ல திட்டி வச்சிருந்தேன். மெஷின்தான் கண்டுக்காதே! அந்தத் திட்டெல்லாம் இப்ப தலைப்பு போட்டு, வரிச போட்டு, கண்ணாடி அட்டைக்குள்ள சார் மடியில இருக்கு.

“சார், ஒரு எழுத்துப் பிழை. ஹட்டனுக்கே திரும்பிப் போயிருவோமா?”

“எழுத்துப் பிழைக்கோ? உமக்கென்ன விசரே! துரை என்ன சோதனைப் பேப்பரோ திருத்தப் போறார்?”

எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கிட்டேன். துரை சிங்களவரு. தமிழ் எழுத்து ஒன்னுகூட வாசிக்கத் தெரியாது. பெறகு எதுக்குப் பயம்?

அப்பதான் இன்னொன்னு ஞாபகம் வந்துச்சு. நான் தமிழ் எழுத்துலயா எழுதுனேன்? அந்தக் காலத்துல கொம்பியூட்டர்ல தமிழ் அடிக்கிறதுன்னா உசுரு போயி உசுரு வரும். சோம்பேறி நானு. தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வச்சிருந்தேன்.

பரவால்ல. பாத்தா ஏதோ மெஷின் பாஷன்னு நெனச்சுக்குவாரு. அப்பிடித்தான் நம்புனேன். நம்ம புத்தி அம்புட்டுத்தான்.

தோட்டத்து ஒஃபிஸுல துரை உக்காந்திருந்தாரு. அரைக் களிசான், சப்பாத்துக்குள்ள இருந்து முழங்கால் வரைக்கும் ஏறுன மேசோடு, மலையே தன் பொறுப்புலதான் நிக்குதுங்குற மாதிரி ஒரு பார்வ. பக்கத்துல பெரிய கிளாக்கரையா. ஆளு பெருசில்ல, பதவிதான் பெரிய கிளாக்கர்.

சார் எந்திரிச்சு நின்னு உரை நிகழ்த்துனாரு.

“சேர், இது சாதாரண மெனுவல் இல்லை. மனுசக் கை படாதது. இதிலை இருக்கிற ஒவ்வொரு சொல்லும் கொம்பியூட்டரே தெரிஞ்சு எழுதினது!”

துரை புத்தகத்த வாங்குனாரு. மொத பக்கத்தப் பாருங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். மொத பக்கம் நல்லா இருக்கும் சாமி!

அவரு நடுவுல தொறந்தாரு.

“மே மொகத?” இது என்னான்னு சிங்களத்துல கேட்டுக்கிட்டே கண்ணாடியப் போட்டாரு. “இங்கிலீஷும் இல்ல...” எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சாரு. சத்தமா. “இந்த... துரைக்கு... மண்டையில...”

நிப்பாட்டுனாரு.

“இந்த வார்த்தை ஏன் தடிப்பா கறுப்பா இருக்கு?”

சார் முந்திக்கிட்டாரு. “அது முக்கியமான இடம் சேர். முக்கியமானதைக் கொம்பியூட்டர் தடிப்பாக் காட்டும்.”

உண்மையில, ஒரு சொல்லுக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டா ஆர்டொக் அதத் தடிப்பாக்கிரும். ஆத்திரத்துல நான்தான் நட்சத்திரம் போட்டிருந்தேன்.

துரை அந்தத் தடிச்ச சொல்ல நிறுத்தி நிதானமா வாசிச்சாரு. “மூ...ளை. இல்ல.”



“அது... தொழில்நுட்பச் சொல் சேர்,” சார் மறுபடியும் குறுக்க வந்தாரு.

“தொழில்நுட்பமா? நான் சின்னத் துரையா வந்த நாள்ல இருந்து தோட்டத்துத் தமிழ்தான் பேசுறது. மூளை இல்லேன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? யாரு எழுதினது?”

“கொம்பியூட்டர் சேர்! மனுசக் கை படேல்லை!”

துரை பெரிய கிளாக்கரையா பக்கம் திரும்புனாரு. “கிளாக்கர், இந்தக் கொம்பியூட்டருக்கு என்னைப் பழக்கமா?”

“இல்லீங்க துரை.”

“பழகாமலே கண்டுபிடிச்சிருச்சா?”

கிளாக்கரையா வாயப் பொத்திக்கிட்டு இருமுனாரு. அது இருமல் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.

துரை அடுத்த வரிகள வாசிச்சாரு. நான் ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு கோடு போட்டிருந்ததால, ஆர்டொக் அதையும் புள்ளி வச்சு, பாடப்புத்தகத்துல வர்ற மாதிரி வரிசப்படுத்தியிருந்துச்சு.

“காலையில அரைக் கிலோவ முழுக் கிலோவா மேல ஏத்துன்னு சொல்லுவாரு. மத்தியானம் கீழ எறக்குன்னு சொல்லுவாரு. சாயந்தரம் அப்பிடி நான் சொல்லவே இல்லேன்னு சொல்லுவாரு.”

இப்ப கிளாக்கரையாவால முடியல. தோளு ரெண்டும் குலுங்குது.

“கிளாக்கர், சிரிக்கிறதா? இங்க வா. அடுத்த பக்கம் நீ வாசி!”

கிளாக்கரையா சந்தோஷமா வந்து புத்தகத்த வாங்குனாரு. இன்னும் துரையத்தான் திட்டியிருக்கும்னு நெனப்பு போல. தொண்டையச் செருமிக்கிட்டு கணீர்னு ஆரம்பிச்சாரு.

“பெரிய கிளாக்கரு ஒரே பொம்பள பேர மாரியாயி, மாரியாய், மாரியைன்னு மூணு விதமா எழுதி வச்சிருக்காரு. மூணு பேருன்னு மெஷினு நம்புது.” கொரலு எறங்குது. “இவருக்கு எழுத்து சொல்லிக் குடுத்த வாத்தியாரு மட்டும்...” கொரலே இல்ல.

“சத்தமா!”

“...என் கையில கெடச்சாருன்னா அவரையும் கூட்டிக்கிட்டு வந்து சேத்து ஒக்கார வச்சு அரிச்சுவடியில இருந்து தொடங்கணும்.”

துரை மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. மூளை இல்லாத கவலையெல்லாம் போயிருச்சு! தனக்கு ஏச்சு விழுந்தா அவமானம், அடுத்தவனுக்கும் விழுந்தா விருந்து. பெரிய மனுஷங்களே அப்பிடின்னா நம்ம எல்லாம் எம்மாத்திரம்?

“இன்னும் இருக்கா?” துரைக்குப் பசி எடுத்துருச்சு. பக்கத்தப் பெரட்டி, சார்கிட்ட நீட்டுனாரு. “மாஸ்டர், இப்ப நீங்க.”

சார் இங்கிலீஷ் எழுத்தத் தமிழா மாத்தி, வகுப்புல வாசிக்கிற மாதிரி திருத்தமா வாசிச்சாரு.

“இந்தக் கணக்கு ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. சார் சொன்னார். சாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டார்.”

புத்தகத்த மெதுவா எறக்கி என்னப் பாத்தாரு. “பிள்ளை... இதையும் கொம்பியூட்டரோ எழுதினது?”

துரையும் சிரிப்ப நிப்பாட்டிட்டு என்னப் பாத்தாரு. கிளாக்கரையாவும் பாத்தாரு. பொறியியலாளர், அதுவும் சிரேஷ்டம், எந்திரிச்சு நின்னேன்.

“நான்தாங்க சேர் எழுதுனது.”

“என் மண்டையில ஏன் மூளை இல்ல? சொல்லு.”

சீட்டு கிழிஞ்சா அம்மா மலையில யாரு மூஞ்சில முழிப்பாங்கன்னு ஒரே நெனப்பு. ஆனா வாயி தானா பேசுச்சு.

“ஒரு நாளு அரைக் கிலோவ ஏத்தச் சொல்றீங்க, ஒரு நாளு எறக்கச் சொல்றீங்க. ஒரே அளவு கொழுந்து எடுத்தவங்களுக்கு இன்னைக்கு ஒரு நிறை, நாளைக்கு ஒரு நிறை வருதுங்க. கூடையத் தூக்கிக்கிட்டு மலையேறுறவங்ககிட்ட என்னான்னு சொல்றது? எங்கம்மாவும் கொழுந்துதாங்க எடுக்குறாங்க.”

இத தைரியம்னு நெனச்சுறாதீங்க. கதவுப் பக்கம் கிளாக்கரையா நின்னாரு, ஓட வழியில்ல. இருந்திருந்தா ஓடியிருப்பேன்.

துரை சார்கிட்ட இருந்து புத்தகத்தத் திருப்பி வாங்குனாரு. பெறகு தன்னப் பத்தி இருந்த பக்கத்த மட்டும் சர்ருன்னு கிழிச்சு மடிச்சு சட்டப்பையில வச்சாரு.

“ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம். தராசு காட்டுறத அப்பிடியே போடு. புரோகிராம் இருக்கட்டும்.”

எனக்கு உசுரு வந்துச்சு. ஒரு நிமிஷம்தான்.

“மெனுவல் வேற கொண்டு வா. மூணு பாஷையில. கையால எழுதி! மாஸ்டர் கூட இருந்து திருத்தணும்.”

திரும்பி வர்ற பஸ்ஸுல சார் வேற சீட்டுல போயி உக்காந்தாரு. ஹட்டன்ல எறங்குனதும் கிட்ட வந்து கேட்டாரு.

“மூஞ்சியை அப்பிடியோ வச்சிருந்தனான்?”

இப்பவும் அப்பிடித்தான் வச்சிருந்தாரு.

ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்ச வேலைய முடிக்க ஒரு மழைக்காலமே போச்சு. கை வீங்கிப் போயி எழுதுனேன். தமிழ்ப் பக்கத்துல சார் ஒரு ஒற்று விடாம செவப்பு மையால பழி வாங்குனாரு. சிங்களப் பக்கத்துக்கு, மாடிக்குக் கீழ இருந்த பேக்கரிக்காரர்கிட்டப் போயி நின்னேன். அவரு பாண் வேகுற போறணை அடுப்ப விட்டுட்டு வந்து என் சிங்களத்த வாசிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுட்டுப் பெறகுதான் திருத்துனாரு.

குடுத்தோம். துரை ஏத்துக்கிட்டாரு. கட தப்பிச்சுது.

ரொம்ப நாளுக்குப் பெறகு கிளாக்கரையா எங்க ஒஃபிஸுக்கு போன் எடுத்தாரு.

“பாப்பா, வேலைய விட்டுப் போனவங்க பேர எப்பிடி எடுக்குறது?”

“புது மெனுவல்ல இருக்குங்க ஐயா.”

“அத யாரு தொறந்தா? அலுமாரி ஆடுதுன்னு அடியில முட்டுக் குடுத்து வச்சிருக்கோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நட்சத்திரம் பத்தாது.

“சரி, அது கெடக்கட்டும்,” கிளாக்கரையா கொரலத் தாழ்த்துனாரு. “அந்தப் பழைய புத்தகம் துரை பங்களாவுலதான் இருக்கு. விருந்தாளி வந்தா எம் பக்கத்த வாசிச்சு வாசிச்சுக் காட்டுறாரு. மானம் போகுது. அவரு கிழிச்சாரே ஒரு பக்கம், அதுக்கு ஒரு கொப்பி ஒங்கிட்ட இருக்கா?”

அன்னையில இருந்து எம் புரோகிராம்ல கொமென்டே கெடையாது. யாருக்கும் ஒன்னும் வெளங்காது, அதனால யாருக்கும் கோவமும் வராது.