ஆறாம் படியும் ஏழாம் படியும்

டத்தோ கெராமாட் சாலை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.
செவ்வாய்க்கிழமை, பசியாறிய பின்.

பெருமதிப்புக்குரிய புஷ்பவள்ளி அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி ரமணி பணிவோடு எழுதிக்கொள்வது. நிபோங் திபாலில் உங்கள் உடல்நலம், முட்டிவலி, முருங்கை மரம், எதிர்வீட்டுச் சேவல் எல்லாம் எப்படி இருக்கின்றன? இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் தம்பி நலம். என்னைப் பற்றி, இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அதில் அனுப்பினால் உடனே இரண்டு நீலக் குறி விழும், அப்புறம் உங்களிடமிருந்து பதிலே வராது. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது, அக்கா. தபால் என்றால் இரண்டு மூன்று நாளாவது எனக்குத் தவணை கிடைக்கும். சனிக்கிழமையிலிருந்து நீங்கள் ஐந்து முறை கூப்பிட்டீர்கள். ஐந்து முறையும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக உங்கள் தம்பி சொன்னார். அவர்மேல் தப்பில்லை, நான்தான் சொல்லச் சொன்னேன். இந்த வெயிலிலும் அத்தனை குளியல் யாரும் குளிக்க மாட்டார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மடிக்கணினியில் இருந்த சொற்பட்டியல், கம்ப்யூட்டர் வார்த்தைகளுக்கு நீங்கள் தமிழ் எழுதிவைத்த ஆயிரத்து நூற்று நாற்பது சொல், போய்விட்டது. அழித்தது உங்கள் தம்பியின் விரல். அதற்காக "புவனேஸ்வரா" என்று முழுப்பெயர் சொல்லி அவரைத் திட்டாதீர்கள். குற்றம் நான் எழுதிக் கொடுத்த தாளுடையது. பள்ளிக்கூடத்தில் விசாரணை என்றால் தொடக்கத்திலிருந்து கேட்பீர்களாமே, அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அப்போதுதான் கோபம் சரியான ஆள்மேல் வரும்.

போன வருடம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கடைக்காரர் கிழடாகிவிட்டது என்று கைவிரித்தார். பிறை தொழிற்சாலையில் என்னோடு இருபத்தாறு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்த நோர்மாதான் கிழட்டுக் கம்ப்யூட்டரையும் ஓட்டும் அந்த இலவச சிஸ்டத்தைப் பற்றிச் சொன்னாள். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதன் இணையத்தளத்தில் கையேடுகளுக்கு இரண்டு கதவு வைத்திருந்தார்கள். ஒன்று பயன்படுத்துவோருக்கு, இன்னொன்று பங்களிப்போருக்கு. நான் ஒழுங்காக முதல் கதவில்தான் நுழைந்தேன். அங்கே நிறுவும் முறை சொல்லும் பக்கத்தில் ஒரு பொத்தானுக்குப் படத்தில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர். இருபத்தாறு வருடம் இந்த மாதிரித் தப்பைப் பிடித்தே சம்பளம் வாங்கியவள் சும்மா இருப்பேனா? அங்கிருந்த முகவரிக்கு, "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்" என்று தொடங்கி ஒரு முழுப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்து பின்லாந்துக்காரர் ஒருவர் பதில் போட்டார். முதல் இரண்டு பத்தி அவருடைய முதுகுவலி. இருபது வருடமாக அந்தக் குழுவில் இருப்பவரை நலம் விசாரித்த முதல் ஆள் நான்தானாம். கடைசி வரியில், நீங்கள் சொல்லும் தப்பு உண்மைதான், நீங்களே திருத்திவிடுங்கள் என்று முடித்திருந்தார். குறை சொன்னவரையே பிடித்து வேலையில் போடும் இடத்தை அன்றுதான் பார்த்தேன். பிறையிலும் இந்த வழக்கம் இருந்திருந்தால் கேண்டீன் மீன் குழம்பைப் பற்றி நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இப்படித்தான் இரண்டாம் கதவுக்குள் போய் விழுந்தேன்.

விழுந்தவள் தனியாக விழுந்தேனா, உங்களையும் இழுத்துக்கொண்டேன். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு மட்டும் தமிழ், உள்ளே வெறும் வெள்ளை. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த அக்கா இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று உங்களைக் கூப்பிட்டேன். அத்தான் தவறிய பிறகு யாரோடும் அதிகம் பேசாமல் இருந்த நீங்கள், அன்று முக்கால் மணி நேரம் என்னைத் திட்டினீர்கள். "இன்ஸ்டால்" என்பதற்கு "நிறுவு" என்று நீங்கள் சொல்ல, சிலையைத்தான் நிறுவுவார்கள் என்று நான் சொல்ல, மூன்று வாரம் நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், அது வேறு கதை. போனை வைத்ததும் உங்கள் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா திட்டுனாங்களா? அப்ப நல்லாத்தான்லா இருக்காங்க." அவ்வளவுதான், அன்று முழுவதற்கும் அவர் பேசிய பேச்சு. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் உச்சியில் உட்கார்ந்து கைஜாடையிலேயே வேலை பார்த்த மனிதர்; கீழே இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் ஒன்பது சொன்னால் ஒன்றாவது அவர் காதில் விழுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

போன மாதம் நீங்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்து, "ஆமை மாதிரி ஊருது ரமணி, உன் சிஸ்டத்தையே இதுலயும் போட்டுக் குடு, பட்டியலையும் அதுலேருந்தே எடுத்து அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்குள் நான் நிறுவும் முறையைத் தமிழில் எழுதி முடித்திருந்தேன். எழுதினால் போதுமா? எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைமுறைத் தாள் புதிதாக ஒன்று எழுதினால், அந்த வேலையே தெரியாத ஆளைப் பிடித்து உட்காரவைத்துத் தாளை மட்டும் கையில் கொடுப்போம். எழுதியவர் பின்னால் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. செய்பவரும் எதுவும் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியது இருந்தால் எழுத வேண்டும். அவர் தப்புச் செய்தால் தப்பு தாளுடையது. "நீ வீட்டுக்குப் போன பிறகு இங்கே இருக்கப்போவது இந்தத் தாள் மட்டும்தான், ரமணி" என்பாள் நோர்மா. கம்ப்யூட்டர் தெரியாத ஆளுக்கு நான் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை, உங்கள் தம்பி வீட்டிலேயே இருக்கிறார். மடிக்கணினிக்கு உங்களுடையது இருக்கிறது. பட்டியலை எடுத்துவைப்பதுதான் தாளிலேயே ஒரு படியாக இருக்கிறதே, அதுவும் சேர்ந்து சோதனையாகட்டும் என்று நினைத்தேன். இந்த ஒரு நினைப்புக்கு என்னை என்ன சொன்னாலும் தகும்.

சனிக்கிழமை காலையில் சோதனையைத் தொடங்கினோம். உங்கள் தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினோரு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "தொடங்கும் முன் முழுவதையும் ஒரு முறை படிக்கவும்" என்று முதல் வரியில் நான்தான் போட்டிருந்தேன். உலகத்தில் எந்தக் கையேட்டிலும் அந்த வரியை யாரும் மதித்ததில்லை, நானே மதித்ததில்லை. இவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, கோப்பியும் குடித்துக்கொண்டு படித்தார். பின்னால் நிற்கும் எனக்குக் கால் கடுத்தது, வாய் அதைவிடக் கடுத்தது. படித்து முடித்ததும் கீழே நிறுத்தியிருக்கும் காடியின் சாவியை எடுத்து எனக்குக் காட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். பயந்து ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நோர்மா போன் பண்ணினாள். அவளிடம் பேசுவதற்குத் தடை இல்லை என்பதால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசித் தீர்த்தேன். வெளியே வந்தால் உங்கள் தம்பி முதல் படியில் விரலை வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

ஐந்து படி அழகாகப் போனது. ஆறாம் படி, "வட்டு முழுவதையும் அழி என்பதை அழுத்தவும்." அவர் விரலை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் என் கண் அடுத்த வரியில் விழுந்தது. ஏழாம் படி, "உங்கள் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் படத்தில் உள்ளபடி எடுக்கவும்." ஆங்கில மூலத்தில் அது பக்கத்து ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் இருந்தது. எங்கள் தொழிற்சாலைத் தாளில் ஓரக் கட்டம் என்பதே கிடையாது, எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும். ஆகவே கட்டத்தைப் பிடுங்கி, இருந்த இடத்திலேயே ஏழு என்று போட்டுவிட்டேன். அழித்த பிறகு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், அக்கா. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கல்யாணமான முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிந்தாத வாய் அன்று பிந்திவிட்டது. அவர் அழுத்திவிட்டார். அழுத்திவிட்டு, ஏழாம் படிக்கு நேராகவும் நிதானமாக ஒரு டிக் போட்டார். எது சொன்னாலும் கேட்காத மனிதர், என் தாள் சொன்னதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார்.

எல்லாம் முடிந்து புது சிஸ்டம் பளபளவென்று வந்தது. தாளை என்னிடம் நீட்டினார். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, "நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று ஒருநாள் நான் குளித்தது உண்மை. உங்கள் தம்பியிடம் இன்றுவரை சொல்லவில்லை. தன் விரலால்தான் அக்காவின் உழைப்பு போனது என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். ஆனால் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து காடியில் பாட்டே போடுவதில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதும் வரும்போதும் இஞ்சின் சத்தம் மட்டும்தான்.

இந்த மாதக் கடைசிக்குள் பட்டியல் போய்ச் சேராவிட்டால் தமிழ்ப் பக்கங்கள் இந்தப் பதிப்பில் வராது. இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பங்களிப்போர் பக்கத்தில், பின்லாந்துக்காரருக்கு நாலு பெயர் கீழே, "புஷ்பவள்ளி, நிபோங் திபால்" என்று உங்கள் பெயரை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நீங்கள் தினமும் திறந்து பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பார்க்கிறேன். பெயர் இருக்கிறது, பட்டியல் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கும் சொற்களை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதில் பாதி நாம் சண்டை போட்ட சொற்கள். மற்றதை நீங்கள் சொன்னால் நான் தட்டித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமையே வேண்டுமானாலும் வருகிறேன். நீங்கள் முகம் கொடுத்துப் பேசினால் போதும். உங்களோடு சண்டை போடாமல் என்னால் இருக்க முடியவில்லை, அக்கா.

தண்டாயுதபாணி துணையில் உங்கள் முட்டிவலி குறையவும், தம்பி மனைவியை மன்னிக்கும் மனசு உங்களுக்குக் கூடவும் வேண்டிக்கொண்டு, காலைத் தொட்டு வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தப்பாக எண் போட்ட
ரமணி

பின்குறிப்பு: அக்கா, மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். அச்சடித்துவிட்ட காகிதம் வீணாகக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன். தபாலில் போடச் சொல்லி உங்கள் தம்பியிடம் கொடுத்தேன். உறையை ஒட்டாதது என் தப்பு. மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தச் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"கடைசிப் பக்கத்த நீ படிக்கலையா?"

"கடைசிப் பக்கத்துல என்னங்க இருக்கு?"

"நீதான பேசக் கூடாது, எழுதுன்ன. எழுதிட்டேன்லா."

பார்த்தேன். "கருத்து" என்று நானே கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். "ஆறும் ஏழும் மாறி இருக்கு. ஏழைத்தான் முதலில் செய்தேன். அக்கா பட்டியல் காடி பாட்டுப் பென்டிரைவில் இருக்கிறது. சாமி மேடையில் வைத்திருக்கிறேன்."

உங்கள் கோப்புகள் அத்தனைக்கும் இடம் பத்தாமல் பாட்டையெல்லாம் அழித்துவிட்டாராம். நான் தினம் மூன்று வேளை விழுந்து கும்பிட்ட இடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டேன், இன்றே அனுப்புகிறேன். கையேட்டை ஏன் யாரும் படிப்பதில்லை என்று இனிமேல் பின்லாந்துக்காரரிடம் நான் குறைப்பட மாட்டேன்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருந்தார், அக்கா. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. "எழுதியவர் மூன்று மணி நேரம் என்னிடம் பேசவில்லை. இந்தப் படியை எடுத்துவிடவும்."