நூறு கோடி வேலையாட்கள்

அன்று காலை ஏழே முக்கால் மணிக்குச் சிதம்பரம் வடக்கு வீதி மாவுக்கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். கடைக்காரி முத்தம்மாள், கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்த அவள் கணவர் உத்திராபதி, கடலூரிலிருந்து ஆய்வுக்கு வந்த உணவு அதிகாரி திருநாவுக்கரசு, அவருடைய ஜீப் டிரைவர், மாவு வாங்க வந்த மூவர். அந்த மூவரில் ஒருத்தி சத்யப்பிரியா, கல்லூரியில் கிருமிகளை ஆராய்கிறவள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

"ஏம்மா, மூணு நாளாகியும் உன் மாவு கெடலைன்னு புகார் வந்திருக்கு. என்ன மருந்து கலக்குற?" என்றார் அதிகாரி.

கடைக்குச் சீல் வைத்துவிடுவாரோ என்று முத்தம்மாள் பயந்தாள். "ஒண்ணும் கலக்கலீங்க சார். அரிசி, உளுந்து, உப்பு. கையால கரைக்கறேன், அவ்ளோதான்."

"நெசம்தான் சார்," என்று சத்யப்பிரியா உதவிக்கு வந்தாள். "புளிச்ச மாவுல நல்ல பாக்டீரியா இருக்கு. அதுங்களே பெப்டைடுன்னு குட்டிப் புரதம் ஒண்ணு தயாரிச்சு, கெட்ட கிருமிங்களைக் கொன்னுடுது."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "தயாரிக்குதா? அப்ப இது தொழிற்சாலை. எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?"

"கரண்டிக்கு நூறு கோடி இருக்கும் சார்."

"வருகைப் பதிவேடு எங்க?"

முத்தம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் கிரைண்டரைப் பார்த்தார்.

"ராத்திரி வேலை உண்டா?"

"ராத்திரிதான் ஜாஸ்தி சார்," என்று சத்யப்பிரியாவே பதில் சொன்னாள்.

அதிகாரி டிரைவரைக் கூப்பிட்டுத் தலைகளை எண்ணச் சொன்னார்.

"எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒவ்வொண்ணும் ரெண்டாயிடும் சார்," என்றாள் சத்யப்பிரியா.

"பேறுகால விடுப்பு குடுக்குறியாம்மா?"

"ஐயோ சார், நான் அதுங்களைக் கண்ணாலயே பாத்ததில்லீங்க!"

"எல்லா முதலாளியும் இதைத்தான் சொல்றாங்க."

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். சீல் வைக்கவில்லை. பொதுநலன் கருதி ஒரு பலகை மட்டும் மாட்டச் சொன்னார்: 'அறிவிப்பு: இம்மாவில் கரண்டிக்கு நூறு கோடி உயிருள்ள கிருமிகள் உரிய அனுமதியுடன் பணிபுரிகின்றன.' கடை தப்பியதென்று முத்தம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் நூற்று நாற்பது பாக்கெட் போட்டாள். பதினெட்டு வருஷமாக அந்த மாவிலேயே இட்லி சுட்ட தெரு, பலகையை வாய்விட்டுப் படித்தது.

"யக்கா, இத்தினி கிருமியையா எங்க புள்ளைங்களுக்குக் குடுத்த?"

தெரு மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய், 'உயிருள்ள பாக்டீரியா அடங்கியது' என்று பளபளவென்று அச்சடித்த குட்டிப் பாட்டிலை ஆளுக்கொன்று வாங்கிக் குடித்தது. சத்யப்பிரியாவும் ஒன்று வாங்கினாள். "இதுல எண்ணிக்கை சரியா போட்டிருக்கான் யக்கா," என்றாள் முத்தம்மாளிடம்.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. "ஐயா வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்," என்றார் டிரைவர். "பலகை மாட்டறதுக்கு முன்னாடி அரைச்சதா இருக்கணுமாம்." அப்படி ஒன்றும் இல்லை. ஜீப் போய்விட்டது.

முத்தம்மாள் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். உத்திராபதி பலகையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ரவா உப்புமா போதும்," என்றார்.

மிச்சம் நூற்று முப்பத்தொன்பது.